கோடு தெரியாத பிரதி

என் வேலை பின் அடிப்பது. நான் வாங்கிய பட்டத்தின் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு முழு மூச்சு வேண்டும்; எங்கள் வீட்டில் அதை முழுதாகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை வைத்துக்கொண்டு ஒரு எண்ணெய்க் கிடங்கின் ஆவணப் பிரிவில் தினமும் சாயங்காலம் இரண்டு தாள்களைச் சேர்த்து, மூலையில் ஒரு பின் அடித்து, கோப்பில் போடுகிறேன். இதற்கு நாலு வருஷம் கல்லூரி எதற்கு என்று அம்மா கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொள்வேன்.

கிடங்கு துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டு தொட்டிகள், ஒவ்வொன்றும் நாலு மாடி உயரம். கப்பலில் வரும் சமையல் எண்ணெய் அவற்றில் நிரம்பி, பிறகு லாரிகளில் ஏறிப் போகும். அலுவலகத்துக்கும் தொட்டிகளுக்கும் நடுவே ஒரு கம்பிவேலி, ஒரு கேட். வேலிக்கு இந்தப் பக்கம் ஏசி, நாற்காலி, நான். அந்தப் பக்கம் வெயில், எண்ணெய்ப் பிசுக்கு, அப்பா.

அப்பா தொட்டி கழுவும் குழுவில் இருக்கிறார். ஐந்து பேர், ஒப்பந்தக் கூலிகள், மேல் ஒரு மேஸ்திரி. தொட்டியின் அடியில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வட்ட வாசல் இருக்கும். அதன் மூடியைக் கழற்றி உள்ளே போய், சுவரில் படிந்ததைச் சுரண்டி, வெந்நீர் அடித்து வெளியே வருவார்கள். இதில் ஒரு சிக்கல். எண்ணெய் கெடாமல் இருக்கத் தொட்டிக்குள் நைட்ரஜனை நிரப்பி வைத்திருப்பார்கள். எண்ணெய் காலியான பிறகும் அது உள்ளேயே நிற்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. காற்று மாதிரியே இருக்கும். உள்ளே போகிறவன் இரண்டு மூச்சு இழுப்பான். மூன்றாவது இழுக்க மாட்டான். அவனைத் தூக்கப் போகிறவனும் அவன் மேலேயே விழுவான்.

அதனால் விசிறி வைத்து இரண்டு நாள் காற்றடிப்பார்கள். மூச்சுக்குக் காற்று இருக்கிறதா என்று அளக்கும் மீட்டரை உள்ளே நீட்டிப் பார்ப்பார்கள். எந்தத் தொட்டிக்குள் போகலாம் என்று இயக்க மேலாளர் காலை ஆறரைக்கு மெயில் அனுப்புவார். தொட்டிகளின் பக்கம் இருக்கும் கண்ணாடி அறையில் அதை அச்செடுத்துப் பலகையில் குத்துவார்கள். குழு அதைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கும். சாயங்காலம் மேஸ்திரி கையெழுத்துப் போட்ட அந்தப் பலகைப் பிரதி என் மேசைக்கு வரும். என் கணினியில் எடுத்த பிரதியோடு சேர்த்து நான் பின் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

இயக்க மேலாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் கலர் சார். அவர் மெயிலைத் திறந்தால் கண் கூசும். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, மஞ்சள் பட்டை, பச்சை, சிவப்பு. எதையும் அழிக்க மாட்டார். போன வருஷத் தணிக்கையில் யாரோ "முந்தைய பதிவு தெரிய வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பன்னிரண்டு எண்களும் தினமும் அப்படியே இருக்கும். உள்ளே போகக் கூடாத எண்ணின் மேல் மட்டும், அதை அடித்துவிட்டதுபோல, சிவப்பில் ஒரு கோடு. போகலாம் என்றால் பச்சை, கோடு இல்லை. அழகான ஏற்பாடு. எனக்கே பிடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை கண்ணாடி அறையில் யாரோ, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று பளபளவென்று வந்த மெயிலைத் தட்டிவிட்டார்கள். அரை நாள் எல்லாக் கணினியும் பூட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து சரிசெய்தார். அவரை ஒயர் என்போம். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒயர் தொங்கும். இனிமேல் தொட்டிப் பக்கக் கணினிகளில் மெயில் சாதா எழுத்தில் மட்டும்தான் தெரியும், படம், நிறம், இணைப்பு ஒன்றும் வராது என்று ஒரு மாற்றம் செய்தார். அலுவலகப் பக்கம் கலர் சார் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே எல்லாம் பழையபடி.

அதே வாரம் மீட்டரைச் சரிபார்ப்புக்கு வெளியூர் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரப் பத்து நாள். வேறு மீட்டர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்தேன். பின் அடிக்கும் கை நின்றது. என் பிரதியில் பச்சையில் நாலு எண்: இரண்டு, ஐந்து, ஆறு, எட்டு. மற்ற எட்டின் மேலும் சிவப்புக் கோடு. பலகைப் பிரதியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பன்னிரண்டு எண்கள், கறுப்பில், வரிசையாக, ஒரே மாதிரி. கோடே இல்லை. கீழே மேஸ்திரியின் கையெழுத்து.

அன்று முழுக்கக் குழு இரண்டாம் தொட்டியில்தான் இருந்தது. முந்தின நாள் பாதியில் விட்ட வேலை. அதனால் தப்பித்தார்கள். காரணம் அதுமட்டும்தான்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கலர் சார் அறைக்குப் போனேன். கோட்டைக் காட்டினேன், கோடு இல்லாததைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நான் கோடு போட்டுத்தானே அனுப்பியிருக்கேன்."

"ஆமா சார். அங்க தெரியல."

"அது அவங்க மெஷின் கோளாறு. ஒயர்கிட்ட சொல்லு."

"சொல்றேன் சார். அதுவரைக்கும் போகலாம்ங்கிற நாலு நம்பரை மட்டும் எழுதி அனுப்பிடுங்களேன். மத்ததை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா தணிக்கைக்கு நீ வந்து பதில் சொல்றியா?" அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் எனக்கு எரிந்தது. "உன் அப்பா அங்க இருக்கார், அதான் பதறுற. புரியுதும்மா. நாளைக்கு மேலேயே ஒரு குறிப்பு போட்டுடறேன். போதுமா?"

போதும் என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஒயர் தன் அறையில் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ஒரு மெயிலுக்குள்ள ரெண்டு மெயில் இருக்கும்மா. ஒண்ணு அலங்காரம் பண்ணது, ஒண்ணு சாதா. அனுப்புற ஆள் அலங்காரத்தை மட்டும்தான் பாத்து எழுதுறார். இன்னொண்ணை மெஷினே எழுதிக்கும்."

"அது என்ன எழுதியிருக்குன்னு யார் பாக்குறது?"

"யாரும் பாக்க மாட்டாங்க. எதுக்குப் பாக்கணும்? எழுத்து அதேதானே." ஒரு திருகாணியை வாயில் வைத்துக்கொண்டார். "உன் கம்ப்யூட்டர்லயே மேல 'காட்சி'ன்னு இருக்கும். அதுல ரெண்டு தட்டு தட்டினா சாதா தெரியும். வேணும்னா பாரு."

"கண்ணாடி அறையில பழையபடி மாத்த முடியாதா?"

"முடியும். எழுத்துல உத்தரவு கொண்டு வா. மறுபடி பூட்டிக்கிட்டா என் தலையைத்தான் உருட்டுவாங்க."

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பஸ் எண், தொட்டி எண், என் தேர்வு எண். அவ்வளவு போதுமாக இருந்தது இதுவரைக்கும்.

"நாளைக்கு எந்தத் தொட்டிப்பா?"

"பதினொண்ணு. வெந்நீர்க் குழாய் அதுக்குப் பக்கத்துலயே இருக்கு, மேஸ்திரி அதைத்தான் சொன்னார்."

"பதினொண்ணுல காத்தடிக்கல. மெயில்ல கோடு போட்டிருக்கு."

"பேப்பர்ல இருந்துச்சே பாப்பா. நானே பாத்தேன். ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. சுத்தமா இருந்துச்சு."

"அந்தப் பேப்பர் தப்பு."

அவர் பூட்ஸைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு சங்கடம். "உங்க ஆபீஸ் பேப்பர்தானே அது. நீ இருக்கிற ஆபீஸு." அந்தப் பேப்பரை அவர் சாமி படம் மாதிரி நம்பியதற்குக் காரணம் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "சரி, மேஸ்திரிகிட்ட என்னன்னு சொல்றது? என் பொண்ணு சொல்லிச்சு, நான் உள்ள போகலன்னா? நாலு பேரு சிரிப்பான். நாளைக்குப் பேப்பரைச் சரியாக் குடுக்கச் சொல்லு. பேப்பர்ல இல்லன்னா நான் ஏன் போறேன்?"

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "பொண்ணு சொன்னா கேக்க மாட்டாரு. பேப்பர் சொன்னா கேப்பாரு. படிக்க வச்சதே அந்தப் பேப்பரை எழுதத்தான்னு நெனப்பு."

கலர் சார் குறிப்புப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கு மெயிலைத் திறந்தேன். சொன்னபடியே செய்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், மஞ்சள் பட்டையில்: "கோடு போட்ட தொட்டிகளுக்குள் யாரும் போகக் கூடாது." கீழே எண்கள். பதினொன்றின் மேல் கோடு. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி 'காட்சி'யைத் தேடி இரண்டு தட்டு தட்டினேன்.

மஞ்சள் போயிற்று. சிவப்பு போயிற்று. "கோடு போட்ட தொட்டிகளுக்குள் யாரும் போகக் கூடாது." கீழே பன்னிரண்டு எண்கள், கோடு இல்லாமல்.

கண்ணாடி அறைக்குப் போன் போட்டேன். எடுத்தவருக்குப் பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்தத் தெரியாது.

"சொல்லு தங்கச்சி. பாத்தேன் பாத்தேன். கோடு போட்டதுல போகக் கூடாதாம். இங்க ஒண்ணுலயும் கோடே இல்ல. அப்ப பன்னெண்டுலயும் போகலாம். கலர் சாருக்கு இன்னைக்கு நல்ல மனசு."

"அண்ணே, கோடு இருக்கு. உங்க திரையில தெரியாது."

"தெரியாத கோட்டை நான் எப்படி மதிக்கிறது? அது என்ன பேயா?"

"அண்ணே, விளையாடாதீங்க. பதினொண்ணுல கேஸ் இருக்கு. அவங்களை நிறுத்துங்க."

"மெயில்ல வந்தாத்தான் நான் நிறுத்த முடியும். நீ பின் அடிக்கிற புள்ள. உன் பேச்சுக்கு வேலையை நிறுத்தினா என்னை யாரு காப்பாத்துவா? மேஸ்திரி பேப்பரை எடுத்துட்டுப் போயி பத்து நிமிஷம் ஆச்சு. அங்க பாரு, மூடியைக் கழட்டிட்டாங்க." அவர் குரலில் கிண்டல் கொஞ்சம் வடிந்தது. "கலர் சாரைக் கூப்பிடு. அவர் சொல்லட்டும்."

கலர் சார் போனை எடுக்கவில்லை. மூன்று முறை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாராம், பிறகு சொன்னார். கேட்டுக்கு ஓடினால் வாட்ச்மேன் விட மாட்டார். நடைபாதையின் முனையில் தீ எச்சரிக்கை மணியின் சிவப்புப் பெட்டி இருந்தது. மேசையிலிருந்து எடுத்து வந்த ஸ்டேப்ளரால் அதன் கண்ணாடியை அடித்தேன். பின் அடிக்கும் மெஷினுக்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை.

தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லா வேலையும் நிற்க வேண்டும், எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும். வந்தார்கள். லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டு, அலுவலகத்தார் போனைப் பார்த்துக்கொண்டு. நான் அவர்களைப் பார்க்கவில்லை. மஞ்சள் ஹெல்மெட்டுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது வரத் தாமதமானது. கடைசியில் அப்பா வந்தார். இடுப்பில் கயிறு கட்டியபடியே இருந்தது, முனை தரையில் இழுபட்டது. முதலில் உள்ளே போகிறவருக்குத்தான் கயிறு கட்டுவார்கள்.

"எங்க தீ?" என்று கேட்டார்.

நான் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இறுகியிருந்தது, அவிழவில்லை. அவரே அவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் பெரிய திரை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சட்ட அதிகாரி அம்மா வந்திருந்தார். பேச்சில் ஒரு சுருக்கம்கூட இல்லை, இஸ்திரி போட்ட குரல். கலர் சார், ஒயர், ரேடியோ, மேஸ்திரி, அப்பா, நான். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் ஒட்டிவிடுமோ என்ற பயம்.

"பலகைப் பிரதியில கோடு இருந்ததா?" என்று அதிகாரி ரேடியோவைக் கேட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ரேடியோ நின்றது. கலர் சாரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "நான் கவனிக்கல மேடம்."

அப்பாவைக் கேட்டார்கள். அப்பா எழுந்து நின்றார். "எனக்கு எழுத்து தெரியாதும்மா. நம்பர் தெரியும். பதினொண்ணு இருந்துச்சு. அது மேல ஒண்ணும் இல்ல."

"எழுத்து தெரியாதுன்னு அவரே சொல்றார்" என்றார் கலர் சார், மெல்ல, யாருக்கும் சொல்லாததுபோல.

ஒயரிடம், என் கணினியைத் திரையில் இணையுங்கள் என்றேன். இணைத்தார். புதன்கிழமை மெயில் சுவரளவுக்கு விரிந்தது. கோடு, சிவப்பு, மஞ்சள். இரண்டு தட்டு தட்டினேன். கோடு போயிற்று.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். படித்தவளின் முட்டாள்தனம் அது: காட்டினால் போதும், பார்த்தால் திருந்திவிடுவார்கள் என்று நினைப்பது.

அதிகாரி பேனாவை மூடினார். "நாம அனுப்பினது எது?"

"கோடு போட்டது" என்றார் ஒயர்.

"நம்ம பதிவுல நிக்கிறது?"

"கோடு போட்டது."

"அப்ப நிர்வாகம் எச்சரிக்கை குடுத்திருக்கு." அவர் எழுதிக்கொண்டார். "கண்ணாடி அறை அமைப்பை மாத்த வேணாம். கப்பல் வர்ற நேரத்துல மறுபடி பூட்டிக்கிட்டா கஷ்டம். இனிமே பலகைப் பிரதி ஆவணப் பிரிவுக்கு வரத் தேவையில்லை. ஒரே விஷயத்துக்கு எதுக்கு ரெண்டு தாள்?"

காரணமில்லாமல் தீ எச்சரிக்கை மணியை இயக்கியதற்கு எனக்கு ஒரு மெமோ. சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு. சாவி கலர் சாரிடம்.

எல்லோரும் எழுந்தார்கள். கலர் சார் எழவில்லை. என் மவுஸைத் தன் பக்கம் இழுத்து, சுவரைப் பார்த்தபடி இரண்டு தட்டு தட்டினார். கோடு வந்தது. மறுபடி தட்டினார். போனது. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இன்னும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, "நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அப்பா சொன்னார். "நான் அந்த ரூம்ல பொய் சொல்லல."

"தெரியும்ப்பா."

"அவங்களுக்கும் தெரியும். அதான் எனக்குப் புரியல." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே பேப்பர் வேணாம். எட்டு மணிக்கு நீ வேலிகிட்ட வந்து விரலைக் காட்டு. நீ காட்டுற நம்பருக்குள்ள மட்டும் போறேன். மேஸ்திரி சிரிச்சா சிரிக்கட்டும். மத்த நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். கயிறு கட்டினப்போ அவங்களும் பக்கத்துலதானே நின்னாங்க."

வெள்ளிக்கிழமை ஐந்து விரல் காட்டினேன். மதியத்துக்கு மேல் ஆறு. சனிக்கிழமை எட்டு. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "என்னம்மா, அப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லித் தர்றியா?" என்றார். ஆமாம் என்றேன். அத்தோடு, ஏற்கெனவே முடித்த இரண்டையும் சேர்த்து, பச்சை எண் நாலும் முடிந்தது. பாக்கி எட்டுத் தொட்டி. விசிறி ஒன்றுதான், ஒரு தொட்டிக்குக் காற்றடிக்க இரண்டு நாள். மீட்டர் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை தகவல் வந்தது: அடுத்த வாரக் கடைசியில் வர வேண்டிய கப்பல் புதன்கிழமையே வருகிறது. பன்னிரண்டும் தயாராக இருக்க வேண்டும். கலர் சார் அறையில் விளக்கு எரிந்தது. ஒயரை உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணி கழித்து ஒயர் வெளியே வந்தபோது, "என்ன கேட்டார்?" என்றேன். "மெயில்ல அந்தக் காட்சி எங்க இருக்குன்னு அவர் மெஷின்ல காட்டச் சொன்னார்" என்றார் ஒயர். "அனுப்புறதுக்கு முன்னாடி பாத்துக்கிறாராம். பரவாயில்ல, உன்னால கத்துக்கிட்டார்."

நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படி நினைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டேன். மெயில் இருந்தது. மஞ்சள் பட்டை இல்லை, குறிப்பு இல்லை. அவ்வளவு அடக்கமான மெயிலைக் கலர் சார் அனுப்பி நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு எண்கள். பன்னிரண்டின் மேலும் சிவப்புக் கோடு.

நாற்காலியில் உட்காராமலே நின்று படித்தேன். எந்தத் தொட்டிக்குள்ளும் யாரும் போகக் கூடாது. பதிவில் நிற்பது இது. நாளைக்கு ஏதாவது நடந்தால் இஸ்திரி போட்ட குரல் வந்து திரையில் காட்டும்: பாருங்கள், நாங்கள் பன்னிரண்டையும் தடுத்தோம்.

'காட்சி'. இரண்டு தட்டு.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சுத்தமாக, கறுப்பில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல.

மெயிலுக்குள் இருக்கும் அந்த இரண்டாவது மெயிலை இந்த முறை மெஷின் எழுதவில்லை. கோடு அங்கே தெரியாது என்று பார்த்து, தெரிந்தே கலர் சார் அனுப்பியிருக்கிறார்.

மேசையிலிருந்து தடித்த மார்க்கர் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன். ஐந்து பேரும் வெந்நீர்க் குழாயருகே நின்றார்கள். அப்பா என் கையைப் பார்த்தார். நான் விரல் எதையும் நீட்டவில்லை. முஷ்டியை மூடிப் பிடித்தேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

"என்ன, விரதமா?" என்றார் மேஸ்திரி. "எந்திரிங்கடா. பேப்பர்ல பன்னெண்டும் இருக்கு."

"பேப்பர்ல இருக்கு" என்றார் அப்பா. "பொண்ணு கையில இல்ல."

மேஸ்திரி போனை எடுத்து யாரிடமோ பேசினார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். இருபது நிமிஷத்தில் ஒரு வேன் வந்து கேட்டுக்கு உள்ளே நின்றது. கதவு திறந்து ஆறு பேர் இறங்கினார்கள். புதுப் பூட்ஸ், புது ஹெல்மெட், ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எங்கிருந்து அழைத்து வந்தார்களோ, தொட்டிகளை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர், அப்பா வயசு இருக்கும், சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார். "எந்தத் தொட்டிம்மா?"

"எதுலயும் போகாதீங்க" என்றேன். "உள்ள மூச்சு இல்ல."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி பலகையைக் காட்டினார். அவர் பலகைக்கு நடந்தார். அவருக்கு நான் வேலிக்குப் பின்னால் நிற்கும் ஒரு பெண். பலகையில் இருப்பது பேப்பர்.

கேட்டைத் தள்ளினேன். வாட்ச்மேன் குறுக்கே கை நீட்டினார். "ஹெல்மெட் இல்லாம உள்ள விடக் கூடாதும்மா. எனக்கு வேலை போயிடும்."

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, தன் ஹெல்மெட்டை வேலிக்கு மேலே தூக்கி எனக்குக் கொடுத்தார். உள்ளே ஈரமாக, எண்ணெயும் வேர்வையுமாக இருந்தது. மாட்டிக்கொண்டேன். வாட்ச்மேன் கையைக் கீழே இறக்கினார். சட்டப்படி அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பலகை கண்ணாடி அறையின் வெளிச்சுவரில் இருந்தது. புது ஆட்கள் அதன் முன் கூடி நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எண்ணின் மேல் கோடு. அடுத்த எண், கோடு. அழுத்திப் போட்டேன், தாள் கிழியும் அளவுக்கு. பன்னிரண்டு கோடு. என்னைக் கேட்ட மனிதர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிக் கோடு விழுந்ததும் இடுப்பில் பாதி சுற்றியிருந்த கயிற்றை மெல்லப் பிரித்தார். அவருக்கும் எண் மட்டும்தான் தெரியும்போல.

கண்ணாடிக்கு உள்ளே ரேடியோ காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை. "சரி சார்" என்று வாய் அசைந்தது. "சரி சார்." என் முகத்தைப் பார்க்காமல் கை மட்டும் கணினிக்குப் போனது.

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு பேப்பரைக் கிறுக்கிட்டா ஆச்சா? அதுல நூறு எடுக்கலாம்."

உள்ளே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. சுத்தமான தாள் ஒன்று அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. கயிற்றைப் பிரித்த மனிதர் பிரித்த கயிற்றைக் கையில் வைத்தபடி, எதை நம்புவது என்று தெரியாமல் நின்றார்.

அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். வெறும் தலையோடு, மற்ற நாலு பேரோடு.

"வரட்டும்" என்றார். "அதுலயும் போடு. மை தீந்தா என்கிட்ட சொல்லு, இந்தப் பிசுக்கைத் தொட்டு நானே போடுறேன்."

மார்க்கர் மூடியை இன்னும் பல்லிலேயே கடித்தபடி, அந்தத் தாளுக்காக நான் கையை நீட்டினேன்.